கம்ப்யூட்டர் சொன்ன பொய்!

900 பேரைக் குற்றவாளி ஆக்கிய கணக்கு யந்திரம்

கல்லாப் பெட்டியில் பணம் குறைகிறது. முதலாளி வேலையாளைப் பார்த்து, "நீ எடுத்து விட்டாய்" என்கிறார். "நான் எடுக்கவில்லை, ஐயா" என்கிறான் அவன்.

யார் சொல்வது உண்மை? நாலு பேர் கூடி விசாரிப்பார்கள். கணக்கு நோட்டைப் புரட்டுவார்கள். கூட்டல் கழித்தல் சரியா என்று பார்ப்பார்கள். முதலாளியே கணக்கைத் தப்பாக எழுதி இருக்கலாம் அல்லவா? அதன் பிறகுதான் முடிவு சொல்வார்கள்.

ஆனால், குற்றம் சாட்டுவது ஒரு யந்திரமாக இருந்தால்?

"யந்திரம் பொய் சொல்லுமா? அதற்குப் பணத்தாசை உண்டா? யார் மீதாவது பகை உண்டா? அது சொன்னால் சரியாகத்தான் இருக்கும்" என்று எல்லோரும் நினைக்கிறார்கள்.

இங்கிலாந்து நாட்டில் அப்படித்தான் நினைத்தார்கள். கோர்ட்டுகளும் அப்படியே நினைத்தன. அதனால் 900-க்கும் அதிகமான தபால் ஆபீசுக்காரர்கள் குற்றவாளிகள் என்று தீர்ப்பு ஆயிற்று. 200-க்கும் மேற்பட்டவர்கள் ஜெயிலுக்குப் போனார்கள். கடைசியில் பார்த்தால், தப்பு செய்தது யந்திரம்!

இது கட்டுக்கதை அல்ல. 1999-ம் ஆண்டு முதல் 2015-ம் ஆண்டு வரை நடந்தது.

இப்போது எங்கே பார்த்தாலும் "செயற்கை நுண்ணறிவு" என்ற பேச்சாக இருக்கிறது. இதுவரை மனிதன் செய்த வேலையை யந்திரம் செய்தது. இனிமேல் மனிதன் சொல்லி வந்த முடிவையும் யந்திரம் சொல்லப் போகிறது. இன்னாருக்குக் கடன் கொடுக்கலாம், இன்னாருக்கு வேலை கொடுக்க வேண்டாம், இன்னார் உதவிப் பணம் பெறத் தகுதி இல்லாதவர் என்றெல்லாம் அது தீர்ப்பு அளிக்கும். சில நாடுகளில் ஏற்கெனவே அளித்து வருகிறது.

ஆகவே, இங்கிலாந்தில் நடந்ததை ஒவ்வொரு குடும்பமும் தெரிந்து கொள்வது நல்லது.

கடையும் தபால் ஆபீசும்

இங்கிலாந்தின் கிராமங்களில், தபால் ஆபீசு தனியாக இருப்பது குறைவு. மளிகைக் கடை வைத்து இருப்பவரே, கடையின் ஒரு பக்கத்தில் தபால் ஆபீசும் நடத்துவார். அவருக்கு சப்-போஸ்டுமாஸ்டர் என்று பெயர்.

தபால் தலை விற்பது, முதியவர்களுக்குப் பென்ஷன் கொடுப்பது, சேமிப்புப் பணம் வாங்குவது எல்லாம் அவர் வேலை. ஊரில் நல்ல மதிப்பு உண்டு. கணவனும் மனைவியும் சேர்ந்து, கையில் இருந்த சேமிப்பை எல்லாம் போட்டுக் கடையை வாங்கி நடத்துவார்கள். இந்தியாவில் இருந்து போய்க் குடியேறிய குடும்பங்களும் இந்தத் தொழிலில் இருந்தன.

முன்பெல்லாம் கணக்கைக் காகிதத்தில் எழுதி வந்தார்கள். 1999-ம் ஆண்டில் இருந்து, ஒவ்வொரு தபால் ஆபீசிலும் கம்ப்யூட்டர் வைக்கப்பட்டது. அந்தக் கணக்கு முறைக்கு "ஹொரைசன்" என்று பெயர். ஜப்பான் நாட்டுப் புஜிட்சு கம்பெனிக்குச் சொந்தமான ஐ.சி.எல். என்ற கம்பெனி அதைத் தயாரித்தது.

காலையில் இருந்து மாலை வரை நடக்கும் வரவு செலவை யந்திரமே கூட்டிக் கழித்து விடும். "பெட்டியில் இவ்வளவு பணம் இருக்க வேண்டும்" என்று அதுவே சொல்லும். பெட்டியில் உள்ள பணம் அதற்குக் குறைவாக இருந்தால்? அந்தக் குறையை சப்-போஸ்டுமாஸ்டர் தம் கையில் இருந்து கட்ட வேண்டும் என்றது தபால் நிர்வாகம்.

இந்த இடத்தில்தான் வினை தொடங்கியது.

இரட்டிப்பான கடன்

ஜோ ஹாமில்டன் என்ற பெண்மணி, ஹாம்ப்ஷயர் பகுதியில் ஒரு சிறு கிராமத்தில் கடையும் தபால் ஆபீசும் நடத்தி வந்தார்.

ஒரு நாள் கணக்கில் 2 ஆயிரம் பவுன் குறைவதாக யந்திரம் காட்டியது. (இங்கே பவுன் என்பது இங்கிலாந்து நாணயம். இன்றைய மதிப்பில் ஒரு பவுன் நம் பணத்தில் 100 ரூபாய்க்கு மேல்.) ஜோ பதறிப் போனார். உதவி கேட்பதற்கு என்று கொடுத்து இருந்த டெலிபோன் எண்ணைக் கூப்பிட்டார்.

"இந்தப் பொத்தானை அழுத்துங்கள். அந்தப் பொத்தானை அழுத்துங்கள்" என்று மறுமுனையில் சொன்னார்கள். அவரும் அப்படியே செய்தார். அவர் கண் எதிரிலேயே 2 ஆயிரம் 4 ஆயிரமாக மாறியது!

அவர் என்ன செய்வார்? வீட்டை அடமானம் வைத்துப் பணம் கட்டினார். மேலும் மேலும் பணம் குறைந்து கொண்டே போயிற்று. முடிவில் 36 ஆயிரம் பவுனைத் திருடி விட்டதாகக் குற்றச்சாட்டு வந்தது. "கணக்கைத் தப்பாகக் காட்டினேன்" என்று ஒப்புக் கொண்டால் திருட்டுக் குற்றத்தைக் கைவிடுவதாகச் சொன்னார்கள். ஜெயிலுக்குப் போகாமல் தப்பலாம் என்று, செய்யாத குற்றத்தை ஒப்புக் கொண்டார்.

ஊர் மக்கள் அவரை நம்பினார்கள். பணம் திரட்டிக் கொடுத்தார்கள். 2008-ம் ஆண்டு தண்டனை சொல்லும் நாளன்று கோர்ட்டுக்குக் கூடவே போனார்கள். ஊருக்குத் தெரிந்த உண்மை கோர்ட்டுக்குத் தெரியவில்லை.

"நீங்கள் ஒருவர்தான்!"

யார்க்ஷயர் பகுதியைச் சேர்ந்த லீ காசில்டன் என்பவர் கதை இன்னும் பரிதாபம். கணக்கில் குறை வரத் தொடங்கியதும், அவர் உதவி டெலிபோனை 90 தடவைக்கு மேல் கூப்பிட்டார். பலன் இல்லை. சுமார் 25 ஆயிரம் பவுனுக்காக, தபால் நிர்வாகம் அவர் மீது சிவில் வழக்குப் போட்டது. வக்கீல் வைக்க அவரிடம் பணம் இல்லை. தாமே வாதாடினார். 2007-ம் ஆண்டு தோற்றுப் போனார். எதிர்த்தரப்பின் வழக்குச் செலவாக 3 லட்சத்து 21 ஆயிரம் பவுன் கட்டும்படி தீர்ப்பு ஆயிற்று. அவர் திவாலானார்.

இப்படி நாடு முழுவதும், நூற்றுக் கணக்கான கடைகளில், இரவு நேரத்தில் கணவனும் மனைவியும் உட்கார்ந்து சில்லறையைத் திரும்பத் திரும்ப எண்ணிக் கொண்டு இருந்தார்கள்.

அவர்கள் உதவி கேட்டபோது பலருக்கும் ஒரே பதில் கிடைத்தது:

"வேறு யாருக்கும் இப்படி ஆகவில்லை. நீங்கள் ஒருவர்தான் இப்படிச் சொல்கிறீர்கள்!"

இது பொய். ஆனால் கேட்டவர்களுக்கு அது தெரியாது. "நாம்தான் எங்கோ தப்பு செய்து விட்டோம் போல் இருக்கிறது" என்று தங்களையே சந்தேகப்பட்டார்கள். சிலர் தம் வேலையாட்களைச் சந்தேகித்தார்கள். சிலர் சொந்தக் குடும்பத்தாரையே சந்தேகித்தார்கள். வெளியே சொன்னால் வெட்கம் என்று பலர் வாயை மூடிக் கொண்டார்கள்.

மகன் பிறந்த நாளில்

சீமா மிஸ்ரா என்பவர் இந்திய வம்சாவளிப் பெண். லண்டனை அடுத்த சர்ரே பகுதியில் தபால் ஆபீசு நடத்தினார். 74 ஆயிரம் பவுனைத் திருடியதாக அவர் மீது வழக்கு.

"நான் ஒரு காசும் எடுக்கவில்லை. யந்திரத்தில் கோளாறு" என்று அவர் வாதாடினார். யாரும் நம்பவில்லை. 2010-ம் ஆண்டு நவம்பர் மாதம் அவருக்கு 15 மாத ஜெயில் தண்டனை விதிக்கப்பட்டது. அன்று அவருடைய மூத்த மகனுக்குப் பத்தாவது பிறந்த நாள். அவரோ இரண்டு மாதக் கர்ப்பிணி!

நாலு மாதத்துக்குப் பிறகு வெளியே வந்தார். குழந்தை பிறந்தபோதும், அவரைக் கண்காணிப்பதற்கான மின்சாரப் பட்டை உடலில் மாட்டப்பட்டே இருந்தது.

யந்திரம் எப்படித் தவறியது?

"கம்ப்யூட்டர் எப்படிக் கணக்கைத் தப்பாகப் போடும்?" என்று கேட்கலாம். ஒரு உதாரணம் பாருங்கள்.

ஒரு தபால் ஆபீசில் இருந்து இன்னொரு இடத்துக்கு 8 ஆயிரம் பவுன் வந்து சேர்ந்தது. அதைப் பதிவு செய்யப் பொத்தானை அழுத்தினார்கள். யந்திரத்தின் திரை அசையாமல் நின்று விட்டது. பதிவு ஆகவில்லை போலும் என்று மறுபடியும் அழுத்தினார்கள். இப்படி நாலு தடவை.

யந்திரமோ ஒவ்வொரு அழுத்தலையும் தனித்தனிப் பணம் என்று எழுதிக் கொண்டது. 8 ஆயிரம், 32 ஆயிரம் ஆயிற்று! பெட்டியில் 8 ஆயிரம்தான் இருக்கும். மீதி 24 ஆயிரம் எங்கே? "காணோம்!" என்கிறது யந்திரம். வராத பணத்துக்கு வரவு எழுதி விட்டு, அதைக் காணவில்லை என்று கேட்கிறது.

2015-ம் ஆண்டில் ஸ்காட்லாந்தில் உண்மையாகவே நடந்த தவறு இது. இதுபோல் இன்னும் பல கோளாறுகள் அந்த யந்திரத்தில் இருந்தன.

இன்னொரு செய்தியும் பிறகு வெளியாயிற்று. கம்பெனி ஊழியர்கள் தங்கள் ஆபீசில் இருந்தபடியே, எந்தக் கடையின் கணக்குக்குள்ளும் நுழைந்து அதை மாற்ற முடியும். கடைக்காரருக்குத் தெரியவே தெரியாது. "அப்படி யாராலும் நுழைய முடியாது" என்று தபால் நிர்வாகம் பல ஆண்டுகள் சாதித்து வந்தது.

ஊர் மண்டபத்தில் கூட்டம்

வேல்ஸ் பகுதியில் தபால் ஆபீசு நடத்திய ஆலன் பேட்ஸ் என்பவர் மட்டும் தலை வணங்கவில்லை. "கணக்கைக் காட்டுங்கள். பிறகு பணம் கேளுங்கள்" என்று பிடிவாதமாக நின்றார். 2003-ம் ஆண்டு அவருடைய தபால் ஆபீசைப் பிடுங்கிக் கொண்டார்கள். போட்ட முதல் போயிற்று.

அவர் சும்மா இருக்கவில்லை. தம்மைப் போல் பாதிக்கப்பட்டவர்களைத் தேடினார். 2009-ம் ஆண்டு, ஒரு கிராமத்துப் பொது மண்டபத்தில் அவர்கள் முதன் முதலாகக் கூடினார்கள்.

ஒவ்வொருவரும் தம் கதையைச் சொன்னார்கள். எல்லாம் ஒரே கதையாக இருந்தது! "நீங்கள் ஒருவர்தான்" என்ற பொய் அன்று உடைந்தது.

பிறகு 555 பேர் ஒன்றாகச் சேர்ந்து வழக்குத் தொடர்ந்தார்கள். 2019-ம் ஆண்டு டிசம்பர் மாதம், யந்திரத்தில் கோளாறுகள் இருந்தன என்று லண்டன் ஐகோர்ட்டு தீர்ப்புக் கூறியது. 2021-ம் ஆண்டு ஏப்ரலில், ஜோ ஹாமில்டன், சீமா மிஸ்ரா உள்பட 39 பேரின் தண்டனையை அப்பீல் கோர்ட்டு ரத்து செய்தது.

2024 ஜனவரியில் இந்தக் கதை டெலிவிஷனில் நாடகமாக வந்தது. நாடே கொதித்தது. அதே ஆண்டு மே மாதம், எஞ்சியவர்களில் பெரும்பாலானவர்களின் தண்டனையையும் ஒட்டு மொத்தமாக ரத்து செய்து, பார்லிமெண்டு தனிச் சட்டம் இயற்றியது.

ஆனால் போன காலம் திரும்புமா? இந்தத் துயரத்தால், குறைந்தது 13 பேர் தங்கள் உயிரைத் தாங்களே மாய்த்துக் கொண்டு இருக்கலாம் என்று, 2025 ஜூலையில் வெளிவந்த விசாரணை அறிக்கை கூறுகிறது. நிரபராதி என்ற தீர்ப்பைக் கேட்காமலே பலர் இறந்து போனார்கள்.

உடைக்க முடியாத சிலம்பு

இத்தனை கோர்ட்டுகளில் இத்தனை வழக்குகள் நடந்தும், உண்மை ஏன் வெளிவரவில்லை?

இங்கிலாந்தில் முன்பு ஒரு சட்டம் இருந்தது. கம்ப்யூட்டர் கொடுத்த கணக்கைச் சாட்சியமாகக் காட்டினால், அந்தக் கம்ப்யூட்டர் சரியாக வேலை செய்தது என்பதையும் காட்ட வேண்டும். 1999-ம் ஆண்டில் அந்தச் சட்டத்தை நீக்கத் தீர்மானித்தார்கள். அதன் பிறகு, "யந்திரம் சரியாகவே வேலை செய்து இருக்கும்" என்று கோர்ட்டுகள் எடுத்துக் கொண்டன. "இல்லை, தப்பு" என்று சொல்பவர்தான் அதை எடுத்துக் காட்ட வேண்டும்.

கிராமத்து மளிகைக் கடைக்காரர் எப்படிக் காட்டுவார்? யந்திரத்தின் உள்விவரம் எல்லாம் எதிர்த்தரப்பின் கையில் அல்லவா இருந்தது?

நம் ஊரில் சிலப்பதிகாரக் கதையை அறியாதவர் யார்? கோவலன் கையில் சிலம்பு இருந்தது. அதுவே போதும் என்று பாண்டியன் விசாரிக்காமல் தண்டித்தான். கண்ணகி வந்து சிலம்பை உடைத்தாள். உள்ளே இருந்தது முத்து அல்ல, மாணிக்கம். உண்மை அந்தக் கணமே தெரிந்தது.

இங்கிலாந்துக் கடைக்காரர்களுக்கு அந்த வசதி இல்லை. யந்திரம் என்ற சிலம்பை உடைத்து உள்ளே பார்க்க அவர்களுக்கு 20 ஆண்டுகள் ஆயிற்று. இந்தச் சட்ட நிலையை மாற்றலாமா என்று, 2025-ம் ஆண்டில்தான் அந்த நாட்டு அரசாங்கம் பொது மக்களிடம் கருத்துக் கேட்டது.

இங்கிலாந்து மட்டுமா?

ஆஸ்திரேலியாவில், வேலை இல்லாதவர்களுக்கும் மாணவர்களுக்கும் அரசாங்கம் உதவிப் பணம் கொடுக்கிறது. கூடுதலாகப் பணம் வாங்கியவர்களைக் கண்டுபிடிக்க, 2015-ம் ஆண்டு தொடங்கி ஒரு யந்திர முறை கொண்டு வந்தார்கள். அது போட்ட கணக்கைக் கேளுங்கள்.

ஒருவர் ஆறு மாதம் வேலை பார்த்து 26 ஆயிரம் டாலர் சம்பாதிக்கிறார். அடுத்த ஆறு மாதம் வேலை இல்லை. அப்போது மட்டும் உதவிப் பணம் வாங்குகிறார். இதில் தவறு எதுவும் இல்லை.

யந்திரம் என்ன செய்தது? 26 ஆயிரத்தை, ஆண்டில் உள்ள 26 இரு வாரங்களுக்கும் சரிசமமாகப் பங்கு போட்டது. "ஆண்டு முழுவதும் இரண்டு வாரத்துக்கு ஆயிரம் டாலர் சம்பாதித்து இருக்கிறாய். ஆகவே உதவிப் பணத்தைத் திருப்பிக் கட்டு" என்று நோட்டீசு விட்டது!

பள்ளிக்கூடப் பையனுக்கும் தெரியும், இந்தக் கணக்குத் தப்பு என்று. ஆனால் நாலு லட்சத்துக்கும் அதிகமானவர்கள் மீது இப்படிக் கடன் சுமத்தப்பட்டது. "நான் வாங்கவில்லை" என்று நிரூபிக்க, பல ஆண்டுகளுக்கு முந்திய சம்பளச் சீட்டைத் தேடி அவர்கள் அலைந்தார்கள். 2020-ம் ஆண்டு, சுமார் 72 கோடி டாலரைத் திருப்பிக் கொடுப்பதாக அரசாங்கம் அறிவித்தது. அந்தத் திட்டம் நியாயமும் அல்ல, சட்டப்படியும் அல்ல என்று 2023-ம் ஆண்டு விசாரணைக் கமிஷன் கூறிற்று.

ஹாலந்து நாட்டில், குழந்தைக் காப்பகச் செலவுக்கு உதவி பெற்ற பெற்றோர்களில் யார் மோசடிக்காரர் என்று யந்திரம் கணித்தது. வேறு நாட்டுக் குடியுரிமை உள்ளவர்களை அது அதிகமாகச் சந்தேகித்தது. ஒரு கையெழுத்து விட்டுப் போனதற்காகக்கூட, பல ஆண்டு உதவிப் பணம் முழுவதையும் திருப்பிக் கட்டச் சொன்னார்கள். 20 ஆயிரத்துக்கும் மேற்பட்ட குடும்பங்கள் கடனில் மூழ்கின. 2021-ம் ஆண்டு ஜனவரி 15-ந் தேதி, பிரதம மந்திரி மார்க் ருட்டேயின் மந்திரிசபையே இதற்காக ராஜினாமா செய்தது.

மூன்று நாடுகளும் பணக்கார நாடுகள். படித்தவர்கள் நிறைந்த நாடுகள். அங்கேயே இந்தக் கதி!

மாம்பழ வியாபாரி

இனி வரும் யந்திரம் இவற்றை விடக் கெட்டிக்காரத்தனம் உள்ளது.

பழைய யந்திரம், எழுதிக் கொடுத்த விதிப்படி கணக்குப் போடும். விதியில் தப்பு இருந்தால், தேடினால் அகப்படும். புதிய யந்திரத்துக்கு விதி எழுதிக் கொடுப்பது இல்லை. லட்சக் கணக்கான பழைய விவரங்களைக் கொடுத்து, "பார்த்துக் கற்றுக் கொள்" என்று விட்டு விடுகிறார்கள்.

பழக்கடைக்காரரைப் பாருங்கள். மாம்பழத்தைக் கையில் எடுத்த உடனே, "இது இனிக்கும், இது புளிக்கும்" என்கிறார். எப்படித் தெரியும் என்று கேட்டால் அவருக்கு விளக்கத் தெரியாது. ஆயிரம் பழம் பார்த்த பழக்கம்! ஆனால் அவர் ஒரே ஜாதிப் பழத்தைத்தான் பார்த்தவர் என்றால், வேறு ஜாதி நல்ல பழத்தையும் ஒதுக்கி விடக் கூடும்.

செயற்கை நுண்ணறிவு யந்திரமும் இந்த வியாபாரி மாதிரிதான். பல சமயம் சரியாகச் சொல்லும். சில சமயம் தவறும். ஏன் அப்படிச் சொன்னது என்று கேட்டால், அதைச் செய்தவருக்கே முழுவதும் சொல்ல வராது.

அமெரிக்காவின் அமேசான் கம்பெனி, வேலைக்கு ஆள் பொறுக்க இப்படி ஒரு யந்திரத்தைச் செய்து பார்த்தது. பத்து ஆண்டுகளாக வந்த விண்ணப்பங்களைக் கொடுத்துப் பழக்கினார்கள். அவற்றில் பெரும்பாலானவை ஆண்கள் அனுப்பியவை. அதனால் "ஆண்தான் தகுந்தவர்" என்று யந்திரம் கற்றுக் கொண்டது. பெண்கள் விண்ணப்பத்துக்கு மார்க்கு குறைத்தது! அந்தத் திட்டத்தைக் கம்பெனி கைவிட்டு விட்ட செய்தி 2018-ம் ஆண்டு வெளியாயிற்று.

மனிதனின் பழைய ஓரவஞ்சனையை யந்திரம் அப்படியே படித்துக் கொண்டது. யந்திரம் சொல்வதால், அது ஓரவஞ்சனை என்றே தெரியாமல் போய் விடும். ஆபத்து அதில்தான் இருக்கிறது.

யந்திரமே வேண்டாமா?

அப்படிச் சொல்வது பேதைமை. யந்திரத்தால் விளையும் நன்மை கொஞ்சமா?

காச நோயையே எடுத்துக் கொள்ளுங்கள். மார்பை எக்ஸ்-ரே படம் எடுத்தால் மட்டும் போதாது. படத்தைப் பார்த்துச் சொல்ல டாக்டர் வேண்டும். எத்தனையோ ஊர்களில் அப்படிப்பட்ட டாக்டர் இல்லை. கம்ப்யூட்டரே படத்தைப் பார்த்து, "இவருக்குக் காச நோய் இருக்கலாம், மேலும் சோதியுங்கள்" என்று சொல்லும் முறையை, 2021-ம் ஆண்டில் உலக சுகாதார நிறுவனம் அங்கீகரித்தது. இதனால் ஏழைகள் உயிர் பிழைக்கிறார்கள்.

கவனியுங்கள். இங்கே யந்திரம் தீர்ப்புச் சொல்லவில்லை. "மேலும் சோதியுங்கள்" என்றுதான் சொல்கிறது. அதற்குப் பிறகு சளியைச் சோதிக்கிறார்கள். டாக்டர் பார்க்கிறார். தபால் ஆபீசு யந்திரமோ "நீ திருடன்" என்றது. மேலும் சோதிக்க யாரும் இல்லை.

நன்மைக்கும் தீமைக்கும் உள்ள வித்தியாசம் இதுதான். யந்திரம் எவ்வளவு கெட்டிக்காரத்தனமாக இருக்கிறது என்பது அல்ல. அது சொன்னதை மறுத்துப் பேச மனிதனுக்கு இடம் இருக்கிறதா என்பதே கேள்வி.

ஐரோப்பிய நாடுகள் இதைப் புரிந்து கொண்டன. ஒருவரின் வாழ்வைப் பாதிக்கும் முடிவை யந்திரம் மட்டுமே செய்து இருந்தால், "ஒரு மனிதர் இதைப் பார்க்க வேண்டும்" என்று கேட்கும் உரிமை, அங்கே 2018-ம் ஆண்டு முதல் சட்டத்தில் இருக்கிறது.

நம் வாசலிலும்

இதெல்லாம் எங்கோ நடப்பது என்று எண்ண வேண்டாம். ரேஷன் கடையில் நாம் கைரேகை வைக்கிறோமே, அதுவும் யந்திரத்தின் தீர்ப்புதான். "இவர் அவர்தானா?" என்று அது சொல்ல வேண்டும்.

செங்கல் சுமந்த கை, துணி துவைத்த கை, வயது முதிர்ந்த கை இவற்றில் ரேகை தேய்ந்து போகும். யந்திரம் "இவர் அவர் அல்ல" என்று சொல்லி விடும். ஊரே அறிந்த பாட்டியை யந்திரம் அறியவில்லை!

இப்படி நேரும் என்பது மத்திய அரசுக்கும் தெரியும். கைரேகை பொருந்தவில்லை என்பதற்காக உரியவருக்குத் தானியம் மறுக்கக் கூடாது, வேறு அடையாளத்தைப் பார்த்துக் கொடுக்க வேண்டும் என்று 2017-ம் ஆண்டு அக்டோபரில் அது உத்தரவு போட்டது. இந்த உத்தரவு இருப்பது எத்தனை பாட்டிகளுக்குத் தெரியும்? "மெஷின் எடுக்கலை, நாளைக்கு வாங்க" என்ற பதிலோடு திரும்புகிறவர்கள் எத்தனை பேர்?

நாளைக்கு வங்கியிலும், பள்ளிக்கூடத்திலும், ஆஸ்பத்திரியிலும், வேலை தேடும் இடத்திலும் இதே மாதிரி ஒரு பதில் வரலாம். அப்போது என்ன செய்வது?

நாம் செய்யக் கூடியவை

இங்கிலாந்துக் கடைக்காரர்கள் பட்ட பாட்டில் இருந்தே சில பாடங்கள் கிடைக்கின்றன.

ரசீதையும் சீட்டையும் பத்திரமாக வையுங்கள். யந்திரத்தின் கணக்குக்கு எதிராகப் பேசுவது, உங்கள் கையில் உள்ள காகிதம் ஒன்றுதான்.

"யந்திரம் சொல்கிறது" என்றால், அத்தோடு திரும்பி விட வேண்டாம். "என்ன காரணம்? யார் பொறுப்பு? மேலே யாரிடம் சொல்ல வேண்டும்?" என்று கேளுங்கள். புகாரை எழுத்து மூலம் கொடுத்து, அதற்கு ரசீது வாங்குங்கள்.

செய்யாத தப்பை, தொல்லை விட்டால் போதும் என்று ஒப்புக் கொண்டு கையெழுத்துப் போட வேண்டாம். படிக்கத் தெரிந்த ஒருவரைக் கூட வைத்துக் கொள்ளுங்கள்.

எல்லாவற்றுக்கும் மேலாக, பக்கத்து வீட்டில் சொல்லுங்கள். "உங்களுக்கும் இப்படி நடந்ததா?" என்று கேளுங்கள். வெட்கப்பட்டு மறைத்தவர்கள் தனியாக அழிந்தார்கள். ஊர் மண்டபத்தில் கூடிப் பேசியவர்கள் ஜெயித்தார்கள்.

இவை மக்கள் செய்யக் கூடியவை. அரசாங்கம் செய்ய வேண்டியது ஒன்று உண்டு. ஒரு மனிதனின் சோற்றிலோ, வேலையிலோ, மானத்திலோ கை வைக்கும் எந்த யந்திரத்துக்கும் பக்கத்தில், அதன் முடிவை மாற்றும் அதிகாரம் உள்ள ஒரு மனிதரை உட்கார வைக்க வேண்டும். யந்திரம் சரி என்பதை, அதைக் கொண்டு வந்தவர்தான் நிரூபிக்க வேண்டும். அகப்பட்டுக் கொண்ட ஏழை நிரூபிக்க வேண்டும் என்பது நீதி அல்ல.

கண்ணால் காண்பதும் பொய், காதால் கேட்பதும் பொய், தீர விசாரிப்பதே மெய் என்று நம் பாட்டிமார் சொல்வது வழக்கம். யந்திரம் காட்டுவதையும் அந்தப் பட்டியலில் சேர்த்துக் கொள்ள வேண்டிய காலம் இது.

இங்கிலாந்து நாடு, யந்திரத்தைக் கொண்டு வந்து 20 ஆண்டு கழித்து விசாரித்தது. நாம், யந்திரத்தைக் கொண்டு வருகிற அன்றைக்கே அந்த விசாரணைக்கு வழி செய்து வைத்து விடலாம்.